குழம்பில் சாகும் கிருமி, வெட்டுப்பலகையில் பிழைப்பது எப்படி?

காரைக்குடி பக்கம் கோழிக் குழம்பு என்றால் மிளகு, சோம்பு, கல்பாசி எல்லாம் வறுத்து அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்க விடுவார்கள். "அதான் மஞ்சளும் மிளகும் போட்டாச்சே, அப்புறம் என்ன கிருமி?" என்ற பேச்சும் கூடவே வரும். உண்மையில் கிருமியைக் கொல்வது மசாலா அல்ல, சூடு. கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மோனெல்லா, ஈ-கோலை எதுவும் தாக்குப்பிடிக்காது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமியும் அந்தச் சூட்டில் செத்துத்தான் போகும்.

பிறகு ஏன் பச்சைக் கறியைப் பற்றி மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள்? வில்லங்கம் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கறியைக் குழாயடியில் அலசும்போது தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கிறது. கறி வெட்டிய அதே பலகையில் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்குகிறார்கள். வெங்காயம் அடுப்பைப் பார்ப்பதே இல்லை.

இப்படி உள்ளே போகும் கிருமி உடனே வயிற்றுப்போக்கைத் தரும் என்றில்லை. சத்தமில்லாமல் குடலில் தங்கிவிடவும் செய்யும். பின்னாளில் ஒரு சிறுநீர்த் தொற்றோ, அறுவைச் சிகிச்சையோ வரும்போதுதான் மருந்து வேலை செய்யவில்லை என்பது தெரியவரும்.

கோலிஸ்டின் பாடம்

கோலிஸ்டின் 1950களில் புழக்கத்துக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஓரங்கட்டப்பட்டது. மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசி ஆயுதமாகத் திரும்பி வந்தது. அதே கோலிஸ்டினைத்தான் கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்திலும் கலந்தார்கள்!

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகள், பச்சை இறைச்சி, நோயாளிகள் என மூன்று இடத்திலும் கண்டறிந்ததாக அறிவித்தனர். கோலிஸ்டினை எதிர்க்கும் சக்தியைத் தருவது இந்த மரபணு. தேர்வு அறையில் பிட் கைமாறுவதுபோல ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், இது தாவிவிடும். சென்னையில் மருத்துவர் அப்துல் கஃபூர் குழுவினர் இறைச்சி, மீன், காய்கறி மாதிரிகளைப் பரிசோதித்து, கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் அவற்றில் இருப்பதை 2019இல் வெளியிட்டனர். கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டினைப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்ததும் அதே ஆண்டு ஜூலையில்தான்.

தடை பிடிக்காத இடம்

இறைச்சி, பால், முட்டை உற்பத்தியில் பயன்படுத்தக் கூடாத ஆன்டிபயாடிக் பட்டியலை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீட்டியது. 2025 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கறியில் மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. விற்பனைக்குச் சில நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டால் எச்சம் வடிந்துவிடும். பழகிப்போன கிருமி குடலிலேயே இருக்கும். எச்சத்துக்கான சோதனையில் அந்தக் கோழி தேறிவிடும்.

நாட்டுக்கோழி வாங்கினால் தப்பிக்கலாமா? கடையில் பிராய்லரை வெட்டிய அதே கட்டை, அதே கத்தி என்றால் பெரிதாக வித்தியாசமில்லை. பல்லடம் பக்கத்து ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திலிருந்தே வருகின்றன. தோலுரித்துப் பையில் போட்டுத் தரும் கடைக்காரருக்கோ, அந்தக் கோழி என்ன மருந்து சாப்பிட்டது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.