ராஜாவுக்குப் பத்தியம்

ஏற்காட்டு அத்தை வீட்டு 'ராஜா' டாஷ்ஹண்ட் ஜாதி. குட்டைக் கால், நீள முதுகு. அந்த ஜாதிக்கு முதுகுத் தண்டு எளிதில் பிசகும். கனம் ஏறினால் கேட்கவே வேண்டாம். இவனுக்கோ வயிறு தரையைப் பெருக்கிற்று! ஏரிக்கரையில் பத்தடி நடந்தால் இளைப்பு. "பாவம், வாயில்லா ஜீவன்" என்று அத்தை நெய்ச்சோறு ஊட்டியதன் பலன்.

மிருக வைத்தியர் விலாவைத் தடவினார். "எலும்பே தட்டுப்படவில்லையே, அம்மா!" என்றார். உங்கள் வீட்டு நாயையும் தடவிப் பாருங்கள். கைக்கு விலா தெரிய வேண்டும்.

பட்டினி கூடாது. இரண்டு வேளை, அளந்த சாப்பாடு. வாரத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் எடை இறங்கக் கூடாதாம். பிஸ்கோத்துக்குப் பதில் உப்பில்லாமல் வேக வைத்த பீன்ஸ். திராட்சை, வெங்காயம் விஷம். களத்தில் காயும் காப்பிக் கொட்டையுந்தான். நடை முதலில் ஏரியோரச் சமதரையில். பகோடா முனை ஏற்றமெல்லாம் அப்புறம்.

2002-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், கால் பங்கு குறைத்துத் தின்ற லாப்ரடார் நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. அத்தையை மசிய வைத்தது இதுதான்.

மூன்று மாதமாயிற்று. ராஜாவின் விலா தட்டுப்படுகிறது. மாமாவின் கை மட்டும் இன்னும் மேஜைக்கு அடியில் போகிறது. அத்தை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.