ஷாங்காயில் எந்த வாசலுக்குள் குடிபுகுவது?

ஷாங்காய்க்குப் பணி மாறிச் செல்வோர் வீடு தேடும் முறை குறித்து எமக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. அலுவலகம் எங்கே, அங்கிருந்து மெட்ரோவில் எத்தனை நிமிடம், அப்பகுதியில் நம்மவர் எத்தனை குடும்பத்தினர் இருக்கின்றனர் என்ற மூன்று கேள்விகளோடு தேடல் முடிந்துவிடுகிறது. இலக்கிய வாசகராயின் நான்காவதாக ஓர் ஆசையும் சேர்ந்துகொள்ளும். நாவல்களில் படித்த பழைய சந்து வீடுகளுள் ஒன்றில் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பது அது. இவற்றுள் எதையும் முதற்கேள்வியாக வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அந்நகரில் ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரு வாசலையும் அதற்குள் இருக்கும் அண்டை அயலாரையுமே என்பது எம் துணிபு.

வாசல் என்பதை நாங்கள் உருவகமாகச் சொல்லவில்லை. சீன நகரங்களில் குடியிருப்பின் அலகு 'ஷியாவ்சூ' எனப்படும் மதில் சூழ்ந்த வளாகம். சில நூறு முதல் சில ஆயிரம் வீடுகள், ஓரிரு வாயில்கள், வாயிலில் ஒரு காவலர், மேற்பார்வைக்கு 'ஜூவெய்ஹுய்' என்னும் குடியிருப்போர் குழு. 2016 பிப்ரவரியில் சீனாவின் நடுவண் அரசு, இனி மூடிய வளாகங்களைக் கட்டலாகாது, இருப்பவையும் படிப்படியாகத் திறக்கப்பட வேண்டும் என்று வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. நகரவாசிகளிடம் பலத்த எதிர்ப்பு எழுந்தது. மதில்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

அம்மதிலின் பொருள் என்னவென்று உலகம் முழுதும் 2022இல் பார்த்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் ஹுவாங்பூ ஆற்றின் கிழக்குக் கரையிலும், ஏப்ரல் முதல் நாளில் மேற்குக் கரையிலும் தொடங்கிய பொதுமுடக்கம் ஜூன் முதல் நாள் வரை நீடித்தது. ஏறத்தாழ 2.5 கோடி மக்கள் வாழும் நகரம் ஆயிரக்கணக்கான வாசல்களாகச் சிதறியது. கடைகள் மூடின, உணவு கொண்டுவரும் ஊழியர்கள் அரிதாயினர். மக்கள் உண்டது பெரும்பாலும் கூட்டுக் கொள்முதலால். வளாகத்தில் யாரேனும் ஒருவர் தலைமையேற்று, வீச்சாட் குழுவில் பெயர்களைத் திரட்டி, முட்டையோ அரிசியோ மொத்தமாக வரவழைப்பார். தனியொருவர் கேட்டால் ஒரு வண்டியும் வராது. அக்குழுவில் பெயரில்லாத முதியவர்களுக்கு அடுத்த வீட்டார்தான் கைபேசியாகவும் கடையாகவும் இருந்தனர். அங்கே வாழ்ந்த அயல்நாட்டவர்க்கும் அதுவே கதி. அண்டை வீட்டாரின் முகம் தெரிந்தவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. தெரியாதவர் அவ்வாரமே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அப்படியொரு முடக்கம் மீண்டும் வருமென்று நாங்கள் அச்சுறுத்தவில்லை. ஆனால் அந்த இரு மாதங்கள் வெட்டவெளிச்சமாக்கியது, மற்ற நாட்களிலும் ஓசையின்றி நடப்பதைத்தான்.

இனி அயல்நாட்டவர் வளாகங்கள். குபெயில் ஜப்பானியர், ஹோங்சுவான் சாலையைச் சுற்றிக் கொரியர், ஆற்றுக்குக் கிழக்கே ஜின்சியாவில் மேலை நாட்டுக் குடும்பங்கள் என்று ஷாங்காயில் இவற்றுக்கு ஒரு வரைபடமே உண்டு. புல்வெளி, நீச்சற்குளம், ஆங்கிலம் பேசும் வரவேற்பாளர். பிள்ளைகளின் பன்னாட்டுப் பள்ளி அருகிலேயே இருப்பது பெரிய வசதி. பள்ளி செல்லும் குழந்தை உள்ள வீட்டாரிடம் எம் வாதம் பாதி வலுவிழந்துவிடும் என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டை முடிவு செய்பவர் யார்? பெரும்பாலும் அலுவலகம் செல்பவர். அவ்வீட்டில் வாழ்பவர் யார்? அலுவலகம் செல்லாத மனைவியோ கணவரோ, ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் தாயோ. முன்னவர்க்கு நாள் முழுதும் மனிதர் உண்டு. பின்னவர்க்கு அவ்வளாகமே உலகம். அங்கே மதியம் பதினோரு மணிக்கு நடமாடுவோர் பணிப்பெண்களும் காவலர்களுமே என்றால், மூன்றாண்டு வாழ்ந்தும் அவர் கற்கும் சீனச் சொற்கள் பத்தைத் தாண்டா. அயல்நாட்டு வாழ்க்கை கசந்து திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் கசப்பு தொடங்கிய இடம் இதுதான் என்பது எம் எண்ணம்.

ஆற்றுக்குக் கிழக்கே என்றதும் நினைவுக்கு வருகிறது: புதொங்கில் ஒரு வீட்டைக் காட்டிலும் புசியில் ஒரு கட்டில் மேல் என்று ஷாங்காயில் ஒரு பழஞ்சொல் உண்டு. புசி மேற்குக் கரை, புதொங் கிழக்குக் கரை. புதொங் வளர்ச்சித் திட்டம் 1990இல் அறிவிக்கப்பட்டபின் அச்சொல் பொருளிழந்தது. நகரின் மிக உயர்ந்த வானளாவிகள் இன்று அங்கேதான்.

சந்து வீடுகளுக்கு வருவோம். லோங்தாங் எனப்படும் அச்சந்துகளும், அவற்றில் கல் நிலைவாசல் வைத்த ஷிகுமென் வீடுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியவை. வாங் அன்யியின் 'முடிவிலாத் துயரின் பாடல்' நாவல் (1995) சந்துகளைப் பற்றிய நீண்ட வருணனையோடுதான் தொடங்குகிறது. படித்தவர்க்கு அங்கே குடியேற ஆசை வருவது இயல்பே. ஆனால் ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீட்டில் பின்னாளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. பொதுச் சமையலறையில் வீட்டுக்கொரு விளக்கு, வீட்டுக்கொரு மின்கணக்கு. கழிவறை இல்லாமையால் விடியலில் மரத்தொட்டியைத் தூக்கிச் சென்று கொட்டும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்று வாடகைக்குக் கிடைக்கும் புதுப்பித்த சந்து வீட்டில் இவ்வின்னல் ஏதுமில்லை, வாடகைதான் மிகுதி. அடுத்த கதவுக்குள் இருக்கும் மூதாட்டியோ, வீடு இடிபடும் நாளையும் அதற்கான ஈட்டுத்தொகையையும் எதிர்நோக்கி இருக்கக்கூடும். அவர் விட்டுப்போக விரும்பும் இடத்தை அழகென்று கொண்டாட நாம் வந்து சேர்கிறோம். ஷின்தியாந்தி என்ற இடத்தில் குடியிருந்தோர் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டு, சந்துகள் 2001 முதல் உணவகங்களும் கடைகளுமாகிவிட்டன. சுவர் நின்றது, மனிதர் போயினர்.

எழுத்தாளர்களே அங்கு எவ்வாறு வீடு தேர்ந்தனர்? ஜாங் ஐலிங் வாழ்ந்தது மின்தூக்கி வைத்த அடுக்ககத்தில். டிராம் வண்டியின் ஓசையின்றி உறக்கம் வராது என்று கட்டுரை எழுதியவர் அவர். லூ சுன் 1927இல் ஷாங்காய் வந்து, 1936இல் இறக்கும் வரை நகரின் வடக்கே ஹோங்கோவ் பகுதியிலேயே வீடு மாற்றி மாற்றி வாழ்ந்தார். 1933 முதல் அவர் வசித்த கடைசி வீடு சந்தில் அமைந்ததுதான். ஆயினும் அவரை அப்பகுதிக்கு ஈர்த்தது சந்தின் அழகன்று. அயலார் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்ற எல்லைக்கு வெளியே, அவர்கள் போட்ட சாலைகளை ஒட்டிய பகுதி அது. முழுக்க இவர்களுடையதும் அன்று, அவர்களுடையதும் அன்று. குடியேற்றப் பகுதி என்று பொருள்படும் இரு சீன எழுத்துகளிலிருந்து பாதிப் பாதியை எடுத்து, தம் கட்டுரைத் தொகுதி ஒன்றுக்குப் பெயராக வைத்தார். அருகிலேயே உச்சியாமா என்னும் ஜப்பானியரின் புத்தகக் கடை இருந்தது. ஆபத்து வந்தபோது ஒளிந்துகொள்ள உதவியவர் அவர். லூ சுன் அயலாரைப் பார்த்தே வீடு பிடித்தார் என்று சொன்னால் மிகையாகாது.

எங்கள் பரிந்துரை, யாரும் புகைப்படம் எடுக்காத இடம்: 'ஷின்சுன்', அதாவது புதுச்சிற்றூர் என்று பெயர்தாங்கிய பழைய தொழிலாளர் குடியிருப்புகள். முதலாவதான சாவ்யாங் ஷின்சுன் 1951இல் எழத் தொடங்கி, 1002 குடும்பங்களுக்கு வீடளித்தது. 1980களிலும் 90களிலும் கட்டப்பட்டவை நகரெங்கும் உண்டு. பெரும்பாலும் ஆறு மாடி, மின்தூக்கி இல்லை. அண்மைக்காலமாக வெளிப்புறத்தில் மின்தூக்கி பொருத்துகின்றனர். பயனடையாத தரைத்தள வீட்டார் வெளிச்சம் போகிறதென்று எதிர்ப்பதும், மேல்மாடி முதியவர் கெஞ்சுவதும் அங்கே ஒரு தனிக்காவியம். சன்னலுக்கு வெளியே கழிகளில் துணி உலரும். நடக்கும் தொலைவில் காய்கறிச் சந்தை, கீழே நிழலில் அமர்ந்து போவோர் வருவோரைக் கணக்கெடுக்கும் ஓய்வுபெற்றோர். 2019 ஜூலையில் குப்பையைப் பிரித்துப் போடும் சட்டம் வந்தபோது, உன் கையிலிருப்பது ஈரக்குப்பையா உலர்குப்பையா என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டவர்கள் இவர்களே. இத்தொணதொணப்பு சிலர்க்கு ஆகாது. தனிமையைப் பெரிதும் விழைபவர் இங்கே வர வேண்டாம். ஆனால் மொழி கற்க இதைவிட மேலான பள்ளியை நாங்கள் அறியோம். சம்பளமும் கேட்க மாட்டார்கள்.

சில நடைமுறைகள். தனி வீட்டில் தங்கும் அயல்நாட்டவர் குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான ஆவணங்களைத் தர மறுக்கும் வீட்டுக்காரரை அப்போதே கைவிடுக. யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நகர வெப்பமூட்டும் குழாய்கள் இல்லாமையால் குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே எலும்பைத் துளைக்கும். ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தில் தரைத்தளச் சுவர்கள் பூஞ்சை பூக்கும். தரகர் காட்டும் நண்பகலில் எல்லா வளாகமும் நன்றாகவே தோன்றும். மாலை ஆறு மணிக்குத் தனியே போய் வாயிலருகே அரைமணி நில்லுங்கள். யாரைப் பார்க்க வந்தீர் என்று காவலரையன்றி வேறொருவரும் வந்து கேட்டால் அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஆறாம் மாடி மலிவாகக் கிடைக்கும். மூன்றாம் மாடியையே கேளுங்கள், தெற்குப் பார்த்ததாக.