பதிப்புரிமை விலக்கும் தமிழ்த்துறைகளின் பொறுப்பும்

தமிழ் நூலொன்றைப் பார்வை மாற்றுத்திறனாளி ஆய்வாளருக்காகப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மின்பனுவலாகவோ மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாகும் என்னும் கருத்து கல்விப்புலத்தில் இன்றும் நிலவுகிறது. இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்தது. அதன்படி, மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் எந்தப் படைப்பையும் உரிமையாளரின் இசைவின்றியே படியெடுத்து அவர்களுக்கு வழங்கலாம். இதனைத் தனியொருவரும் செய்யலாம், நிறுவனமும் செய்யலாம். ‘நிறுவனம்’ என்பதற்கான விளக்கத்தில் அரசு ஏற்புப் பெற்ற கல்வி நிறுவனமும் நூலகமும் ஆவணக் காப்பகமும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலாவதாக ஏற்பளித்த நாடும் இந்தியாவே. அவ்வுடன்படிக்கை அச்சு நூலைப் படிக்க இயலாதோரை மட்டும் கருத, இந்தியச் சட்டமோ மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் கருதுகிறது.

பதிப்பாளர்தம் அச்சத்திற்கும் சட்டம் விடை கூறியுள்ளது. ஆக்கச் செலவுக்கு மேல் பெறுதல் கூடாது. படிகள் மாற்றுத்திறனாளிகளுக்கே சேர வேண்டும். அவை விற்பனைச் சந்தையில் புகாதவாறு நிறுவனம் காக்க வேண்டும்.

எனவே, உண்மையான தடை பனுவலின் நிலையிலேயே உள்ளது. உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார்; அவருடைய பதிப்புகளுக்குரிய 60 ஆண்டுக் காப்பு முடிந்துவிட்டது. எனினும், அவரது குறுந்தொகைப் பதிப்பை (1937) வருடிப் படக்கோப்பாக மட்டும் வைத்திருந்தால் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத்தாளே. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய வடிவங்களில் எழுத்துணரி மென்பொருளும் தடுமாறும். மூலம், பாடவேறுபாடு, உரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி ஆகியவற்றை எழுத்தின் அளவாலும் இடத்தாலும் கண் பிரித்தறிகிறது. செவிக்கும் விரலுக்கும் அவ்வேறுபாடு எட்டுவதில்லை. எதனை எவ்வரிசையில், எக்குறியோடு தருவது என்பதைத் துணிவது பதிப்பியல் சார்ந்த பணியாகும். அதற்குத் தொண்டார்வம் மட்டும் போதாது; தமிழ்ப்புலமையும் வேண்டும். சட்டத்தின் இசைவும் இப்புலமையும் ஒருங்கே வாய்த்த இடம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையே.

இந்நிலையில் மூன்று செயல்கள் உடனடியாகத் தொடங்கத்தக்கவை. முதலாவது, ஆய்வேடுகளையும் ஆய்விதழ்களையும் ஒருங்குறியில், தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பெற்ற பனுவலாகவும் பெறுதல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளைத் திரைவாசிப்பு மென்பொருள் பொருளற்ற ஒலிகளாகவே படிக்கும். இரண்டாவது, பதிப்பியல் பாடத்தின் செய்முறைப் பயிற்சியாக, ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூலையேனும் மெய்ப்புப் பார்த்து அணுகத்தக்க வடிவில் ஆக்குதல். மூன்றாவது, அப்படிகளை இருவகைப்படுத்திப் பேணுதல்: காப்புக்காலம் முடிந்தனவும் நாட்டுடைமையாக்கப்பட்டனவும் அனைவருக்கும் உரியன, உரிமையுள்ளவை பதிவுசெய்த மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியன.

இவை நிகழாதவரை, பார்வை மாற்றுத்திறனாளி ஆய்வாளரின் தலைப்பை அவருடைய ஆர்வம் முடிவு செய்வதில்லை. கிடைக்கும் நூல்களே முடிவு செய்கின்றன. உரைமரபும் பாடவேறுபாடும் சுவடிப் பதிப்பும் அவருக்கு எட்டாத துறைகளாகின்றன. 2012க்குப் பின் இவ்விழப்புக்குச் சட்டத்தைக் காரணம் காட்ட இயலாது.