நம் விக்கெட் விழ வேண்டி நின்ற நாம்

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலை வேளையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது நம்முடைய நெடுநாள் பழக்கம். கல்லூரி விட்டதும் மாணவர்கள் அங்கேதான் கூடுவார்கள். 2025 நவம்பர் நடுவில் சில நாட்கள் அந்த மணலில் வேறு பேச்சே இல்லை. நவம்பர் 15 அன்று ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு, சென்னை சூப்பர் கிங்ஸ் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சாம்சன் விக்கெட் காப்பாளர். ஆகவே அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது: 44 வயது மகேந்திர சிங் தோனி இனி எதற்கு?

மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். குரல் ஏறி, ஒருவன் மற்றவனுடைய சாதியைச் சொல்லித் திட்டும் அளவுக்குப் போனபோதுதான் நாம் எழுந்து போனோம். “ஐயா, நீங்களே சொல்லுங்க. தோனி இருக்கணுமா, போகணுமா?” என்றான் ஒருவன். அன்று நாம் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

முதற்கட்சி நன்றிக் கட்சி. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகளைப் பெற்றுத் தந்தவரைப் போகச் சொல்ல நீ யார் என்பது அவர்கள் கேள்வி. இரண்டாவது கணக்குக் கட்சி. 2025இல் அணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்துக்கு வந்ததே, அதற்கு யார் பொறுப்பு என்பது அவர்கள் கேள்வி. இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிரான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இலக்கு 197. தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அவருக்கு முன்னே அஸ்வின் இறங்கினார். தோல்வி உறுதியான பிறகு வந்து 16 பந்துகளில் 30 ஓட்டங்கள் எடுத்தார். அணி 50 ஓட்டங்களில் தோற்றது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு பெற்ற முதல் வெற்றி அது. ஆயினும் அந்தக் கடைசி ஓவர்களில் அரங்கில் எழுந்த ஆரவாரம் வெற்றி பெற்ற ஊரின் ஆரவாரம். இரண்டு நாள் கழித்துப் பயிற்சியாளர் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார்: தோனியின் முழங்கால் பழையபடி இல்லை; பத்து ஓவர் ஓடியாட அவரால் முடியாது. ஒரு விளையாட்டு ரசிகன் பேச வேண்டிய இடம் இதுதான். எந்த ஓவரில் இறங்கினால் அணிக்கு அவரால் பயன்? அவருக்காக எந்த மட்டையாளர் முன்னும் பின்னும் நகர்த்தப்படுகிறார்? அந்த இழப்புக்கு ஈடு உண்டா? இக்கேள்விகளை இரு கட்சியுமே கேட்கவில்லை. ஒருவனுக்குத் தெய்வம் வேண்டும். மற்றவனுக்குப் பலி வேண்டும்.

இதைவிட வெட்கக்கேடான ஒன்று உண்டு. 2023இல் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார்: நான் முன்னே இறங்கினால் கூட்டம் ஏமாந்து போகிறது, நான் எப்போது ஆட்டமிழப்பேன் என்று காத்திருக்கிறது. அவர் சிரித்தார் என்பதற்காக நாமும் அதைச் சிரித்துக் கடந்துவிட்டோம். சொந்த அணியின் விக்கெட் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மஞ்சள் சட்டையில் ஒரு கூட்டம் நிற்கிறது என்றால், அது எந்த அணியின் கூட்டம்?

அதே ஆண்டு இறுதியாட்டத்தில் நடந்ததை இரு கட்சியும் மறந்துவிட்டன. அகமதாபாத்தில் தோனி சந்தித்த முதல் பந்திலேயே ஆட்டமிழந்தார். கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவர் ஜடேஜா. அவரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார் தோனி. தலைவனுக்குத் தெரிந்திருந்தது, யாரால் வென்றோம் என்று. தொண்டனுக்குத்தான் தெரியவில்லை. 2012இல் இந்த அணிக்கு வந்த ஜடேஜா, இடையில் அணி தடை செய்யப்பட்டிருந்த இரண்டாண்டுகள் நீங்கலாக, நம்மோடேயே இருந்தவர். நன்றிக் கட்சி அவருக்காக எத்தனை நாள் கண்ணீர் விட்டது? நம் கடற்கரையில் எண்ணிப் பார்த்தோம், இரண்டே நாள். நன்றி எல்லோருக்கும் பொது என்றால் இவருக்கும் அது உரியதல்லவா? ஒருவருக்கு மட்டும் உரியதென்றால் அதற்குப் பெயர் நன்றியன்று.

கணக்குக் கட்சிக்கும் ஒரு சொல். 2025 மே 3 அன்று பெங்களூருவில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்துகளில் 94 எடுத்தார். ஜடேஜா ஆட்டமிழக்காமல் 77. அணி இரண்டே ஓட்டங்களில் தோற்றது. பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னவர் தோனி. தன் முதுமையை அவர் அறியாதவர் அல்லர். அவர் இருப்பதா போவதா என்பதை அணியும் அவரும் தீர்மானிக்கட்டும். ஆனால் தளர்ந்த முழங்காலை வைத்து நகைச்சுவைப் படம் செய்து பரப்புவதைக் கணக்கு என்று சொல்லாதீர்கள். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார், இளமையில் மருத மரக்கிளையேறி ஆழ்நீரில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்ததைத் தண்டூன்றிய முதுமையில் நினைத்துப் பார்க்கிறார். அப்பாடலைப் படித்துவிட்டு முதுமையைப் பார்த்துச் சிரிக்க இயலாது.

அதே புறநானூற்றில் ஒரு ரசிகரும் இருக்கிறார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடுகிறார். அவர் சார்பு யார் பக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கண் பிடியில் இருக்கிறது. ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியதையும், மறு கால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகில் வளைந்ததையும் பார்த்துச் சொல்கிறார். பிறகு, மகனோடு பிணங்கியிருந்த தந்தை தித்தன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இதைக் கண்டிருக்க வேண்டுமே என்கிறார். இளையவனின் வெற்றியை மூத்தவன் காண வேண்டும் என்பது அவர் விருப்பம். இளையவனை உயர்த்த மூத்தவனை மிதிப்பது அன்று. நல்ல ரசனை என்று நாம் சொல்வது இதைத்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கிரிக்கெட் ரசிகர்கள் அப்படித்தான், நமக்கென்ன என்று சிற்றிதழ் நண்பர்கள் முறுவலிப்பது தெரிகிறது. நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். மூத்த எழுத்தாளரின் புதிய நாவலைப் படிக்காமலே பாராட்டியவர் நம்மிடையே இல்லையா? புதியவரின் முதல் தொகுதி சறுக்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொண்டவர் இல்லையா? ஒரு கதையின் பத்தியைக் காட்டி, இது ஏன் தளர்ந்திருக்கிறது என்று பேசுவதற்குப் பதிலாக, அவர் காலம் முடிந்தது என்றோ, அவரைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்றோ நாம் பேசிய மாலைகள் எத்தனை? மணலில் நின்ற மாணவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு, நம்மிடம் கூடுதலாகச் சில கலைச்சொற்கள் இருப்பது மட்டுமே.

கடைசியாக, ஊர்க்காரர்களுக்கு. இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். இந்தியக் கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடியவர். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகத் தேசிய மகளிர் கோப்பையைப் பெற்றபோது அந்த அணியில் இருந்தவர். அவருக்குப் பின் கடலூரிலிருந்தே முன்கள ஆட்டக்காரராக வந்தவர் சந்தியா ரங்கநாதன். இவர்களில் யார் மூத்தவர், யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று வெள்ளிக் கடற்கரையில் ஒரு மாலையாவது சண்டை நடந்ததுண்டா? நாம் கேட்டதில்லை. அந்த மாணவர்களிடம் அடுத்த நாள் இப்பெயர்களைச் சொன்னோம். ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் வகுப்பில் நின்று பேசிய நாமும் அவர்களுக்கு அதுவரை சொன்னதில்லை.