வேப்பம்பூ உதிர்ந்தாச்சு... கூட்டில் இன்னும் குஞ்சு! கல்பாக்கம் பக்கம் குழம்பும் இளவேனில்

வசந்தம் என்றால் சினிமா நமக்குக் காட்டுவது ஊட்டியும் காஷ்மீரும்தான். பனி உருகும், பூ மலரும், ஹீரோயின் துப்பட்டாவைப் பறக்கவிட்டு ஓடி வருவார். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால், மே முதல் வாரத்தில் தொடங்கும் அக்னி நட்சத்திரமும் இதே இளவேனிலுக்குள்தான் வந்து சம்மணம் போட்டு உட்காருகிறது. பெயரில் மட்டும்தான் ‘இளமை’ எல்லாம்!

அப்படியானால் கல்பாக்கம் பக்கம் வசந்தம் வந்ததை எதை வைத்துச் சொல்வது? அது தாமதமாகிறது என்றால் எப்படித் தெரிந்துகொள்வது?

சுலபமான அடையாளங்கள் சில உண்டு. பங்குனி கடைசியில் வேப்பமரத்தடி முழுக்க வெள்ளையாகப் பூ கொட்டிக் கிடக்கும். அதைப் பெருக்கி எடுத்து, காயவைத்து, சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சரக்கொன்றை மஞ்சள் சரம் தொங்கவிடும். விடிவதற்கு முன்பே குயில் கத்தத் தொடங்கிவிடும். ஈ.சி.ஆர் ஓரத்தில் நுங்கு வண்டிகள் நிற்கும்.

கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. அது ஒரு குரல் நின்றுபோவது. ‘ஆறுமணிக் குருவி’ என்று ஒரு பறவை. காலை ஆறு, மாலை ஆறு என்று பொழுது புலரும்போதும் சாயும்போதும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பனிக்காலம் முழுக்க நம் பக்கத்துத் தோப்புகளில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் இது, வெயில் ஏறியதும் முட்டையிட வடக்கே கிளம்பிவிடும். ஒரு நாள் காலையில் அந்த இரட்டைச் சீழ்க்கை கேட்காது. அவ்வளவுதான், கோடை வந்துவிட்டது.

பூவுக்கு அவசரம், பறவைக்குத் தாமதம்

இந்த இளவேனிலில் ஒரு வேடிக்கை நடக்கிறது. அது ஒரே ஆண்டில் சீக்கிரமாகவும் வரலாம், தாமதமாகவும் வரலாம்.

சூட்டைப் பார்த்துப் பூக்கும் மரங்கள் முந்திக்கொள்கின்றன. கேரளத்தில் விஷுவுக்குக் கணி வைக்கும் கொன்றைப்பூ, பண்டிகைக்குப் பல வாரம் முன்பே பூத்து உதிர்ந்துவிடுவதை ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டத்தில் பங்கேற்பவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரம் முழுதாகப் பூக்கும் நாளை 1,200 ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2021-ல் அது மார்ச் 26 அன்றே பூத்தது. அந்த 1,200 ஆண்டுக் கணக்கிலேயே மிகவும் முந்திய நாள்களில் ஒன்று அது.

ஆனால், தண்ணீரைப் பார்த்துக் கூடு கட்டும் பறவைகளுக்குச் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. அவற்றின் வசந்தம் ஏரி நிரம்பும் நாளில் தொடங்குகிறது. நம் மாவட்டத்தில் ஏரி நிரம்ப வேண்டுமென்றால் அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்க வேண்டும். மழை தள்ளிப்போனால் வசந்தமும் தள்ளிப்போகும். சித்திரையில் தெரியும் தாமதம், உண்மையில் ஐப்பசியிலேயே விதைக்கப்பட்டது.

நான்கு மாதக் கணக்கு

இதை நேரில் பார்க்க, கல்பாக்கத்திலிருந்து மேற்கே, மதுராந்தகம் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். நம் ஊர்ப் பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் குட்டி ஏரி. ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் சீசனில் பல்லாயிரம் பறவைகள் குடியிருக்கும். கூழைக்கடா, வர்ண நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம்... ஒரே மரத்தில் மேல் மாடி ஒருவருக்கு, கீழ் மாடி இன்னொருவருக்கு என்று அப்பார்ட்மென்ட் கணக்காக இருக்கும்.

மரம் தண்ணீருக்குள் நிற்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் காம்பவுண்டு சுவர். நாய், நரி, காட்டுப்பூனை எதுவும் நீந்திப்போய்க் குஞ்சைத் தூக்க முடியாது. தண்ணீர் வற்றினால் சுவர் இடிந்த மாதிரி.

இனி கணக்கைப் பாருங்கள். கூழைக்கடா முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம். பொரிந்த குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இன்னும் மூன்று மாதம் அளவில் ஆகும். வர்ண நாரைக்குக் கொஞ்சம் சீக்கிரம், மொத்தமாக மூன்று மாதம். நவம்பரில் ஏரி நிரம்பி, கூழைக்கடா டிசம்பர் தொடக்கத்தில் முட்டையிட்டால், மார்ச் கடைசிக்கு, ஏப்ரல் தொடக்கத்துக்குள் குஞ்சு பறந்துவிடும். அப்போது ஏரியில் ஓரளவு தண்ணீரும் இருக்கும், மீனும் இருக்கும்.

மழை இழுத்தடித்து ஜனவரி நடுவில்தான் முட்டை என்றால்? குஞ்சு பறக்க மே நடுவாகிவிடும். அது கத்திரி வெயில் நேரம். ஏரி சுருங்கி, நடுவில் ஒரு குட்டையாகிக் கிடக்கும். தாய்ப் பறவை இரைக்காக இன்னும் தூரம் பறக்க வேண்டும். குஞ்சோ சிறகு முற்றாமல் கூட்டிலேயே இருக்கும். தடுமாறிக் கீழே விழுந்தால், விழுவது தண்ணீரில் அல்ல, தரையில்.

மழை வருவதும் முன்மாதிரி இல்லை. 2016-ல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைவு. 2023-ல் நேர்மாறு. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்து, சென்னையிலும் செங்கல்பட்டிலும் ஓரிரு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. ஆண்டுக் கணக்கில் ‘மழை போதும்’ என்று எழுதிவிடலாம். ஆனால், கூடு கட்டும் நாரைக்கு எவ்வளவு மழை என்பதைவிட எப்போது மழை என்பதுதான் கேள்வி.

இதில் விவசாயிக்கும் பங்கு உண்டு. இங்கே நவரைப் பட்டம் முக்கியமான நெல் பருவம். மழை தாமதமானால் நடவும் தாமதம். பயிருக்கு ஏரித் தண்ணீர் தேவைப்படும். அதே தண்ணீர்தான் கூட்டுக்கு அடியிலும் நிற்க வேண்டும். இருவர் கடிகாரமும் ஒன்றாகப் பின்தங்கி, இருவரும் ஒரே குடத்துக்குக் கை நீட்டும் நிலை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

சொல்லப்போனால், வேடந்தாங்கல் பறவைகளைக் காப்பாற்றியதே விவசாயிகள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் பாதுகாப்பு உத்தரவே வாங்கினார்கள். சரணாலயம் என்ற சொல் சட்டத்தில் ஏறுவதற்கு நூறாண்டுகளுக்கும் முந்தைய கதை இது.

இப்போதைய சட்டப்படி ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வட்டம் முழுக்க சரணாலயம். 2020-ல் அதை 3 கி.மீ. ஆகக் குறைக்க ஒரு யோசனை வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ‘பறவை மரத்தில்தானே இருக்கிறது, வயலுக்கு எதற்குச் சரணாலயம்?’ என்று கேட்டவர்களும் உண்டு. மேலே சொன்ன நான்கு மாதக் கணக்கில் பதில் இருக்கிறது. தாமதமான ஆண்டுகளில் குஞ்சைக் காப்பாற்றுவது சுற்றியுள்ள சின்ன ஏரிகளும் ஈர வயல்களும்தான். வீடு வேடந்தாங்கல் என்றால், சமையலறை அந்த வட்டாரம் முழுவதும். வேடந்தாங்கலும் பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. பெருமைதான். ஆனால், ராம்சர் சான்றிதழ் மழையை முன்கூட்டி வரவழைக்காது.

பெயரிலேயே மாதம் உள்ள ஆமை

சரி, கடற்கரைக்கு வருவோம். புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் கரைகளில் ஏறி முட்டையிடும் ஆமைக்குத் தமிழில் அழகான பெயர் உண்டு. பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் படிப்பது இதைத்தான். ஜனவரியிலிருந்து கரையேறத் தொடங்கும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். 45 முதல் 60 நாளில் பொரியும்.

இங்கே தாமதத்துக்கு வேறு விலை. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 30 டிகிரியை ஒட்டி ஒரு கோடு. அதற்குக் கீழே ஆண்கள் அதிகம், மேலே பெண்கள் அதிகம், ரொம்பவே சுட்டால் முட்டையே அவிந்துவிடும். ஜனவரிக் குழி இதமான மணலில் பொரிந்துவிடும். மார்ச் கடைசியில் இட்ட குழி, சித்திரை வெயிலை முழுதாக வாங்கிக்கொள்ளும். முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் புதைத்துப் பாதுகாக்கும் பொரிப்பகங்களில், மேலே நிழல் வலை கட்டுவதற்கு இதுதான் காரணம். சென்னையில் 1988-ல் தொடங்கிய மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பும் வனத்துறையும் இரவு நடை நடந்து சேகரிப்பது இந்த முட்டைகளைத்தான்.

மனிதர்களின் காலண்டரும் கொஞ்சம் பிசகுகிறது. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை அது. பங்குனி ஆமை அதற்குள் பெரும்பாலும் முட்டையிட்டு முடித்திருக்கும். அதற்கு ஆபத்தான மாதங்கள் தை, மாசி, பங்குனி. 2025 ஜனவரியில் தமிழகக் கரையில், முக்கியமாகச் சென்னையை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும் உயிர் அது. முட்டையிடும் கரையை ஒட்டி 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கான விதி இருக்கிறது. விதி இருப்பதும் அது கடலில் நடப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஜனவரி காட்டியது.

யார் எழுதி வைப்பது?

கல்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே நேரம் தவறாத பறவைக் கதை ஒன்று உண்டு. திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளையில் பொங்கல் சாப்பிட வந்துபோன இரண்டு ‘கழுகு’கள். பறவையியல்படி அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990-களின் கடைசிக்குப் பிறகு அவை வரவில்லை. அது எல்லோருக்கும் தெரிகிறது. ஏனென்றால், தினமும் எதிர்பார்த்துக் காத்திருக்க ஆள் இருந்தார்கள்.

ஆறுமணிக் குருவி என்று கிளம்பியது, தெருமுனைக் கொன்றை என்று பூத்தது என்பதற்கு அப்படி யாரும் காத்திருப்பதில்லை. இந்த வேலைக்குக் கையில் இருக்கும் போன் போதும். சீசன்வாட்ச்சில் வீட்டுப் பக்கத்து மரம் ஒன்றைப் பதிந்து, வாரம் ஒருமுறை இலை, பூ, காய் மட்டும் பார்த்துக் குறித்தால் போதும். பறவைக்கு ‘இபேர்ட்’ இருக்கிறது. பள்ளி விடுமுறையில் இருக்கும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல போன் உபயோகம் கிடைப்பது கஷ்டம்.

வேடந்தாங்கல் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பைனாகுலர் அவசியம். மரத்தில் சாம்பல் நிறத்தில் பொசுபொசுவென்று, பறக்காமல் உட்கார்ந்திருப்பவை குஞ்சுகள். எத்தனை கூட்டில் அவை இருக்கின்றன, கீழே தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள்.

ராத்திரி கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு ஒன்று. ஆமைக் குஞ்சுகள் கடல் பக்கத்து வெளிச்சத்தை நம்பித்தான் தண்ணீருக்குப் போகும். போன் டார்ச்சை அடித்தால் நேராக ஈ.சி.ஆர் பக்கம் திரும்பிவிடும். வீடியோ எடுக்க ஆசை வந்தாலும் டார்ச்சை அணைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வழி மாறிய குஞ்சுகளைப் பார்த்தால், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.