யார் பொறுப்பு?

காப்பாற்றக் கடமைப்பட்ட கையே குழந்தையைக் கொல்லுமாயின், அதைவிடக் கொடிய பாதகம் வேறில்லை. கொன்றவரைத் தண்டிக்க நியாயஸ்தலம் இருக்கிறது. ஆனால் குழந்தை மாதக்கணக்கில் வதைபட்டு மெலிந்து சாகும்வரை, அதைக் கண்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இங்கிலாந்தில் 55 வருஷ இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு மரணங்கள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

1945-ஆம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி, ஷிராப்ஷயர் ஜில்லாவில் ஒரு பண்ணை வீட்டில் டென்னிஸ் ஓநீல் என்னும் 12 வயதுச் சிறுவன் இறந்தான். வேல்ஸிலுள்ள நியூபோர்ட் நகரசபை அவனை அவ்வீட்டாரிடம் வளர்க்க ஒப்படைத்திருந்தது. அவன் அங்கே பெற்றவை அடியும் பட்டினியுமே. ஸர் வால்டர் மாங்க்டன் நடத்திய விசாரணையில், அவனை அனுப்பிய சபைக்கும் அவன் வசித்த ஜில்லாவின் அதிகாரிகளுக்கும் இடையே மேற்பார்வைப் பொறுப்புத் தெளிவின்றிக் கிடந்தமை வெளியாயிற்று. அம்மரணம் எழுப்பிய கொதிப்பு, 1948-இல் குழந்தைகள் சட்டம் பிறக்கத் துணையாயிற்று.

சட்டம் பிறந்தும் சாவு நிற்கவில்லை. 2000-ஆம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்னும் 8 வயதுச் சிறுமி மாண்டாள். ஐவரி கோஸ்ட் தேசத்திலிருந்த பெற்றோர், நல்ல படிப்புக் கிடைக்குமென நம்பி அவளை உறவுக்காரியுடன் அனுப்பியிருந்தனர். இறந்த உடலில் 128 காயங்கள் இருந்தன. இரண்டு ஆஸ்பத்திரிகள், நான்கு சமூகசேவை இலாகாக்கள், போலீஸின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் ஆகிய அனைத்துக்கும் அவளைப் பற்றிய தகவல் எட்டியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் அவள் உடம்பிலிருந்த வடுக்களைச் சொறிசிரங்கு என்று முடிவு கட்டிவிட்டனர். அவளைக் காத்திருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது 12 என்று, 2003-இல் வெளியான லார்டு லாமிங்கின் அறிக்கை எண்ணிக் காட்டிற்று. 2004-இல் மற்றொரு குழந்தைகள் சட்டம் வந்தது.

சட்டங்கள் வேண்டியவையே. ஆயினும் கடிதத்தை அடுத்த இலாகாவுக்கு அனுப்பியதும் தன் கடமை தீர்ந்ததென்று அதிகாரி எண்ணும்வரை எந்தச் சட்டமும் பயன்தராது. வளர்ப்பவர் கூறும் சமாதானத்தைக் கேட்டுத் திரும்புவது விசாரணையாகாது. குழந்தையைத் தனியே கண்டு, அதன் மொழியிலே பேசி, உடம்பையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு குழந்தையின் விவகாரத்தை ஏற்றவர், அதன் க்ஷேமம் நிச்சயமாகும்வரை அதை விடலாகாது. அதற்குப் போதிய சிப்பந்திகளை அளிப்பது சர்க்காரின் கடமை.

நம் நாட்டிலும் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம், பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கிறது. ஆபத்திலுள்ள குழந்தைக்காக 1098 என்னும் டெலிபோன் எண்ணும் இருக்கிறது. ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்னும் மனப்பான்மை நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அடித்து வளர்ப்பதே முறை என்போரும் குறைவில்லை. நாள்தோறும் அலறும் குழந்தையின் குரலைக் கேட்டும் கதவை மூடிக்கொள்பவர், அது இறந்தபின் அழுது பயனில்லை. சந்தேகம் எழுந்த அன்றே தெரிவியுங்கள். தெரிவித்தபின் என்ன நடந்தது என்றும் கேளுங்கள். இவ்விரண்டையும் ஒவ்வொரு குடும்பஸ்தரும் தம் கடமையாகக் கொள்ளவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.