கருவறையில் ஒரு முகம்



எங்கள் வையம்பட்டிப் பங்கின் இளந்தம்பதியர், திருச்சியில் எடுத்த ஸ்கேன் படத்தைக் கொணர்ந்து காட்டினர். பன்னிரண்டு வாரச் சிசு. தலை முதல் பிட்டம் வரை ஏறத்தாழ 6 சென்டிமீட்டரே. எனினும் நெற்றியும் மூக்கும் கைகளும் தெரிந்தன.

செவிக்கு எட்டாத ஒலியலைகள் சிசுவின்மேல் பட்டுத் திரும்புகின்றன. பல கோணங்களில் பெற்ற அவ்வெதிரொலிகளைக் கணிப்பொறி இணைத்து, முப்பரிமாண உருவமாக்குகிறது. 1958-இல் கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டு வெளியிட்ட மங்கலான படங்களிலிருந்து வளர்ந்த கலை இது.

"பேரனா, பேத்தியா என்று சொல்ல மறுத்துவிட்டார்களே, சாமி!" என வருந்தினார் உடன் வந்த பாட்டி.

சொல்லலாகாது என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலமன்றோ நமது!

எலிசபெத்தம்மாள் எந்தப் படத்தையும் பாராமலே மரியன்னையின் வயிற்றுக் கனியை வாழ்த்தினார். முகத்தையே கண்டுவிட்ட நாம், வாழ்த்துவதற்கு முன் ஆணா பெண்ணா என்று வினவுவது தகுமா?

"பாட்டியம்மா, இது உங்கள் பேரப்பிள்ளை, அது போதாதா?" என்றேன். படத்தை நெடுநேரம் நோக்கியவர், "மூக்கு என் மகனுடையதேதான்" என்றார்.